பயிற்சிக் காலத்தில் ஒரு நல்ல சொந்தச் செயற்றிட்டத்தைக் கண்டுபிடிப்பது எப்படி

தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களுக்குப் பயிற்சிக்கு வரும் மாணவர்கள், அலுவலகத்தின் வழக்கங்களுக்கு ஓரளவு பழகி, தங்களுடைய முதல் நிரல் மாற்றம் ஏற்றுக்கொள்ளப்பட்ட மகிழ்ச்சியில் இருக்கும் இரண்டாம் மூன்றாம் வாரத்தில், மதியச் சாப்பாட்டு மேசையில் வைத்து என்னிடம் கேட்பது அநேகமாக ஒன்றுதான்: "அண்ணா, சைட் ப்ரொஜெக்ட் ஒண்டு செய்ய வேணும். என்ன செய்யலாம்?" மொறட்டுவை, கொழும்பு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகங்களிலிருந்து வருபவர்களும், மாலபேயிலும் வெள்ளவத்தையிலும் உள்ள தனியார் கல்வி நிறுவனங்களில் படிப்பவர்களும் இதைக் கேட்கிறார்கள். சைட் ப்ரொஜெக்ட் என்பது அலுவலக வேலைக்கு வெளியே, சொந்த நேரத்தில் செய்யும் சொந்தச் செயற்றிட்டம். அவர்கள் எதிர்பார்ப்பது ஒரு தலைப்பை. நான் தலைப்பு எதுவும் சொல்வதில்லை. உங்களுக்குத் தெரிந்தவர்களில் யார் இன்னமும் கொப்பியில் கணக்கு எழுதுகிறார்கள் என்று திருப்பிக் கேட்கிறேன். இக்கட்டுரை அந்தக் கேள்வியின் விரிவுதான்.

தலைப்பிலிருந்து தொடங்கினால் என்ன நடக்கும் என்பதை நான் அனுபவித்தே அறிந்தேன். என்னுடைய பயிற்சிக் காலத்தில், காலி வீதியில் ஓடும் 100, 101 ஆம் இலக்க பஸ்கள் எப்போது வரும் என்று சொல்லும் செயலி ஒன்றைச் செய்யத் தொடங்கி, நான்கு மாத இரவுகளை அதில் செலவழித்தேன். வரைபடம் அழகாக வந்தது. பஸ் தரிப்பிடங்கள் எல்லாவற்றையும் நானே நடந்து குறித்தேன். ஆனால் தனியார் பஸ் ஒன்று அந்த நேரத்தில் எங்கே நிற்கிறது என்று சொல்லும் தரவு எனக்குக் கிடைக்கக்கூடிய எந்த இடத்திலும் இருக்கவில்லை. அதைவிட முக்கியமான ஒன்றை நான் மிகப் பிந்தியே உணர்ந்தேன். காலி வீதியில் அந்த இலக்கங்களில் ஒரு பஸ்ஸைத் தவறவிட்டால் சில நிமிடங்களில் அடுத்தது வந்துவிடும். அங்கே நிற்கும் எவருக்கும் என் செயலி தேவைப்படவில்லை. நான்கு மாதத்தில் ஒரு நாளாவது வெள்ளவத்தைச் சந்தியில் நின்று, காத்திருப்பவர்களிடம் என்ன கஷ்டம் என்று கேட்டிருந்தால் அது அன்றே தெரிந்திருக்கும்.

முதலில் கையிலுள்ள நேரத்தை எண்ணுங்கள்

பயிற்சி பொதுவாக ஆறு மாதம், அதாவது ஏறத்தாழ 24 வாரம். முதல் ஆறு வாரங்களில் அலுவலக வேலையைத் தவிர வேறெதையும் தொடங்க வேண்டாம் என்பதே என் உறுதியான ஆலோசனை. அந்த நாட்களில் நீங்கள் கற்பது அதிகம், களைப்பும் அதிகம். இறுதி நான்கு வாரங்களைப் பயிற்சி அறிக்கையும், தினக்குறிப்பேட்டைப் பூர்த்தி செய்வதும், மதிப்பீட்டுக்கான தயாரிப்பும் எடுத்துக்கொள்ளும். மிஞ்சுவது 14 வாரம். தெமட்டகொடையிலோ கொழும்பு கோட்டையிலோ உள்ள அலுவலகத்திலிருந்து மாலை நெரிசலில் அறைக்குத் திரும்பி, குளித்துச் சாப்பிட்டு, மாதத்தில் ஒரு வார இறுதியை ஊருக்குப் போகும் இரவு பஸ்ஸுக்குக் கொடுத்தபின், வாரத்துக்கு ஆறு மணித்தியாலம் கிடைத்தால் நல்லது. ஆக மொத்தம் 84 மணித்தியாலம்.

இந்த எண்ணைக் கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதி வையுங்கள். முழு இலங்கைக்குமான உணவு விநியோகச் செயலியை 84 மணித்தியாலத்தில் ஒருவர் செய்து முடிக்க முடியாது. ஆனால் ஒரு மனிதர் தினமும் அரை மணித்தியாலம் கையால் செய்யும் ஒரு வேலையை ஐந்து நிமிடமாகக் குறைக்கும் நிரலை எழுதி, அவரிடம் கொடுத்து, அவர் சொல்லும் குறைகளை இரண்டு மூன்று தடவை திருத்தி, பயன்பாட்டில் விட்டுவிட்டு வர அது போதும். நிரல் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்த பிறகு தட்டச்சு செய்யும் நேரம் குறைந்திருக்கிறது என்பது உண்மைதான். மற்றவரிடம் போய்க் கேட்டு விளங்கிக்கொள்ளும் நேரம் குறையவில்லை. அந்த நேரத்துக்கே மேற்படி கணக்கில் பெரும்பங்கு போக வேண்டும்.

முதல் ஆறு வாரத்திலும் ஒரு வேலை உண்டு: பார்ப்பது. கையில் சிறிய குறிப்புப் புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு, யாராவது ஒரே விபரத்தை இரண்டு தடவை எழுதுவதை, பழைய தாள்களைப் புரட்டித் தேடுவதை, ஒருவர் தொலைபேசியில் சொல்ல மற்றவர் எழுதுவதைக் காணும்போதெல்லாம் திகதியோடு ஒரு வரி எழுதுங்கள். புறக்கோட்டை மொத்த வியாபாரக் கடையின் சிட்டைகள், செட்டியார் தெரு நகைக்கடையின் சீட்டுக் கணக்கு, கொட்டாஞ்சேனை ரியூஷன் வகுப்பின் வரவுப் பதிவு, உங்கள் அறைக்குக் கீழே உள்ள பலசரக்குக் கடையின் கடன் கொப்பி என்று கொழும்பில் இதற்குப் பஞ்சமே இல்லை. ஆறு வாரத்தில் முப்பது வரி சேரும். அதில் மூன்றைத் தெரிவு செய்து, அந்த மூவரோடும் ஒவ்வொரு மாலைப்பொழுது இருந்து பாருங்கள்.

கொப்பியை வாசிப்பது

இதற்கு நான் அருகிருந்து பார்த்த ஓர் உதாரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். எங்களிடம் பயிற்சிக்கு வந்த மட்டக்களப்பு மாணவர் ஒருவர், வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். அதே ஒழுங்கையில் ஓர் அம்மா, அறைகளில் தங்கியிருக்கும் நாற்பது பேரளவினருக்கு இரவுச் சாப்பாடு சமைத்துக் கொடுத்துவந்தார். யார் யாருக்குச் சாப்பாடு என்பது ஒரு சீ.ஆர். கொப்பியில் இருந்தது. இடப்பக்கம் பெயர்கள், மேலே 1 முதல் 31 வரை திகதிகள், சாப்பாடு எடுத்தால் ஒரு கோடு, மரக்கறிச் சாப்பாடு என்றால் "ம", ஊருக்குப் போயிருந்தால் வட்டம். மாத முடிவில் கோடுகளை எண்ணிக் காசு வாங்குவார்.

மாணவர் அக்கொப்பியைப் பார்த்ததும், பயனர் கணக்கு, கடவுச்சொல், இணையவழிக் கொடுப்பனவு, சாப்பாட்டுக்கு நட்சத்திரப் புள்ளி என்று இரண்டு பக்கத் திட்டம் எழுதிக்கொண்டு வந்து என்னிடம் காட்டினார். அதை ஒரு பக்கம் வைத்துவிட்டு, மூன்று நாள் பின்னேரம் அந்த அடுப்படியில் போய் இருக்கும்படி சொன்னேன். மூன்றாம் நாள் அந்த அம்மா அவரிடம் சொன்னது இது: "தம்பி, ஆர் வாறினம் ஆர் வரேல்லை எண்டு எனக்குப் பேர் வேண்டாம். எத்தினை பார்சல் எண்டு மட்டும் மூண்டரைக்கு முன்னம் சொல்லு. அரிசி போடோணும்."

அந்த ஒரு வசனத்தோடு இரண்டு பக்கத் திட்டம் சுருங்கி, செய்யக்கூடிய அளவுக்கு வந்தது. சாப்பிடுபவர்கள் பிற்பகல் மூன்று மணிக்கு முன் ஓர் எளிய பக்கத்தில் "இன்று உண்டு", "இன்று இல்லை" என்று குறிக்க வேண்டும். மூன்றேகாலுக்கு மொத்த எண்ணிக்கை அந்த அம்மாவின் பொத்தான் தொலைபேசிக்குக் குறுஞ்செய்தியாகப் போக வேண்டும். அவ்வளவுதான். கொப்பியை அவர் விடவே இல்லை. விடும்படி கேட்கவும் கூடாது. மாத முடிவில் இரண்டு கணக்கையும் ஒப்பிட்டபோது கொப்பியில் எண்ணியதில் ஒரு பிழையும், நிரலில் ஒரு பிழையும் இருந்தன. நிரலின் பிழையைத் திருத்தியபோதுதான் அம்மாவுக்கு அதன்மேல் நம்பிக்கை வந்தது.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது, அவர் கேட்டது கொப்பியில் எழுதப்படாத ஒன்றை என்பதே. கொப்பியில் இருந்தது கடந்த நாட்களின் கணக்கு. அவருக்குத் தேவைப்பட்டது இன்னும் சமைக்காத சாப்பாட்டின் எண்ணிக்கை. அவர் அருகில் இருந்து, அவர் எந்த நேரத்தில் எதை எண்ணித் தடுமாறுகிறார் என்று பார்த்திருக்காவிட்டால் இது வெளிவந்திராது. "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று நேரடியாகக் கேட்டால் எங்கள் பெரியவர்கள் பெரும்பாலும் "ஒண்டும் வேண்டாம் தம்பி" என்றே சொல்வார்கள்.

ஒரு முடிச்சு இருக்க வேண்டும்

ஒருவருக்குப் பயன்பட்டால் மட்டும் போதாது. உங்களுக்கும் அதிலிருந்து கற்றல் வர வேண்டும். பின்னர் நேர்முகத் தேர்வில் பத்து நிமிடம் நிதானமாக விளக்கக்கூடிய கடினமான இடம் ஒன்று அதில் இருக்க வேண்டும். இதை நான் முடிச்சு என்று சொல்வேன். முடிச்சே இல்லாத செயற்றிட்டம் ஒரு படிவமும் ஒரு பட்டியலும் மட்டுமே. ஐந்து முடிச்சுகள் உள்ளது 84 மணித்தியாலத்துக்குள் முடியாது. ஒன்று உள்ளதைத் தேடுங்கள்.

சாப்பாட்டுச் செயற்றிட்டத்தின் முடிச்சு குறுஞ்செய்தியில் இருந்தது. ஆங்கில எழுத்துகளில் ஒரு குறுஞ்செய்தி 160 எழுத்துகள் வரை கொள்ளும்; தமிழில் ஓர் எழுத்தாவது அதில் வந்துவிட்டால், முழுச் செய்தியும் யுனிகோட் என்னும், எல்லா மொழி எழுத்துக்கும் குறியீடு தரும் முறைக்கு மாறி, எல்லை 70 ஆகிவிடும். அதைத் தாண்டினால் செய்தி துண்டுகளாகப் பிரிந்து, ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியே கட்டணம் விழும். மாணவரின் முதற்செய்தி வணக்கமும் திகதியும் நன்றியுமாக நீண்டு இரண்டு துண்டாகப் போனது. அதோடு, தமிழில் நம் கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரிவதைக் கணினி ஒன்றாக எண்ணுவதில்லை. "சிவபாலசுந்தரம்" என்ற பெயரில் நாம் எண்ணினால் ஒன்பது எழுத்து, யுனிகோட் குறியீடுகளாக எண்ணினால் 14, அக்குறியீடுகளை யூ.டி.எப்.-8 என்னும் சேமிப்பு முறையில் வைத்தால் 42 பைட். இருபது எழுத்துக்கு மேல் ஏற்காத படிவத்தில் நம்முடைய நீண்ட பெயர்கள் ஏன் வெட்டுப்படுகின்றன என்பதற்கு விளக்கம் இங்கேதான் இருக்கிறது. மாணவர் இதையெல்லாம் தேடிப் படித்து, கடைசியில் "இன்று மரக்கறி 17, மீன் 22, முட்டை 4" என்று செய்தியைச் சுருக்கினார்.

தேசிய அடையாள அட்டை இலக்கத்திலும் இப்படியொரு முடிச்சு உண்டு. பழைய இலக்கத்தின் முதல் இரண்டு இடங்களும், 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க முறையின் முதல் நான்கு இடங்களும் பிறந்த ஆண்டைக் காட்டும். அடுத்த மூன்று இலக்கம் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். இதுவரை எல்லோரும் சரியாக எழுதிவிடுவார்கள். ஆனால் இந்த எண்ணிக்கையில் பெப்ரவரிக்கு எந்த ஆண்டிலும் 29 நாள்தான். ஆகவே மார்ச் 1 ஆம் திகதி பிறந்தவரின் எண், லீப் ஆண்டாக இல்லாவிட்டாலும், 061. சாதாரண நாட்காட்டி நிரலகத்தை (ஆயத்தமாகக் கிடைக்கும் நிரல் தொகுப்பை) கொண்டு கணக்கிட்டால், லீப் அல்லாத ஆண்டுகளில் மார்ச்சிலிருந்து பிறந்த ஒவ்வொருவரின் பிறந்த திகதியும் ஒரு நாள் பிந்தியே வரும். வேறு நாட்டில் எழுதப்பட்ட எந்த வழிகாட்டியும் இதை உங்களுக்குச் சொல்லித் தராது.

வெள்ளம் வரும் காலத்தில் நம்மவர்கள் பார்க்கும் ஆற்று நீர்மட்ட அட்டவணையும் அப்படித்தான். நீர்ப்பாசனத் திணைக்களம் அளக்கும் நீர்மட்டங்கள் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அறிக்கைகளில் அட்டவணையாக வெளிவந்திருக்கின்றன. அவற்றில் களனி கங்கையின் ஹங்வெல்ல போன்ற நிலையங்கள் மீற்றரில் தரப்பட்டிருக்க, கொழும்புக்கு மிக அருகிலுள்ள நாகலகம் வீதி அளவுகோல் அடியில் தரப்பட்டிருப்பதைக் காணலாம். அலகைக் காட்டும் கட்டத்தை வாசிக்காமல் எண்களை மட்டும் எடுத்து வரைபடம் கீறும் நிரல், சாதாரண நாளிலேயே கொலன்னாவைப் பக்கத்து மக்களைப் பயமுறுத்திவிடும். இத்தகைய தரவைத் தமிழில் விளங்கும்படி தருவது நல்ல வேலை. ஆனால் அதில் ஒரு பொறுப்பும் இருக்கிறது: எச்சரிக்கை விடுப்பது உங்கள் வேலை இல்லை; மூல அறிக்கையின் நேரத்தையும் அலகையும் அப்படியே காட்டி, மூலத்துக்கு வழிகாட்டுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

மொழியிலேயே இருக்கும் வேலைகள்

தமிழ் தெரிந்த மென்பொருள் மாணவருக்கு மட்டும் கிடைக்கக்கூடிய வேலைகள் நிறைய இருக்கின்றன. நான் மிகவும் விரும்புவது இவற்றைத்தான். யுனிகோடுக்கு முந்திய பாமினி என்ற தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்ட கோவில் மலர்கள், பாடசாலைச் சஞ்சிகைகள், சங்க அறிக்கைகள் இன்றும் பல கணினிகளில் கிடக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவற்றைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும், மெய்யெழுத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தெரியும். ஒரு பந்தியை யுனிகோடுக்கு மாற்றித் தரும் கருவிகள் ஏற்கெனவே உண்டு. அவற்றையே திரும்பச் செய்வதில் பயன் குறைவு. முழு ஆவணத்தையும், ஆங்கிலமும் தமிழும் கலந்தபடியே, தலைப்பும் அட்டவணையும் குலையாமல் மாற்றுவது வேறு வேலை. வேர்டின் டொக்-எக்ஸ் கோப்பு உண்மையில் எக்ஸ்.எம்.எல். என்னும் குறியீட்டு முறையில் எழுதிய கோப்புகளை உள்ளே வைத்துச் சுருக்கிக் கட்டிய சிப் பொதி என்பதையும், ஒவ்வொரு சொற்றுண்டும் எந்த எழுத்துருவில் இருக்கிறது என்பது அதற்குள் பதியப்பட்டிருக்கும் என்பதையும் அறிந்தால், பாமினி என்று குறிக்கப்பட்ட துண்டுகளை மட்டும் மாற்றும் நிரலை எழுதலாம். அதன் முடிச்சு கொம்பு. பாமினியில் "கெ" என்பதற்குக் கொம்பு முன்னே, ககரம் பின்னே. யுனிகோடில் ககரம் முன்னே, கொம்பு பின்னே சேமிக்கப்படும். "கொ", "கோ", "கௌ" ஆகியவற்றில் அது இன்னும் சிக்கலாகும்.

இதற்கு யாரிடம் போகலாம் என்று கேட்டால், உங்கள் ஊர்க் கோவிலின் செயலாளரிடம், பழைய மாணவர் சங்கத்திடம், அல்லது வாசிப்புப் பழக்கம் உள்ள எவரிடமும் போகலாம். 1942 இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் வெள்ளவத்தையில்தான் இருக்கிறது. அதன் நூலகத்தில் ஒரு பின்னேரம் இருந்து பார்த்தாலே, இலக்கமுறையில் வராத அச்சுத்தமிழ் எவ்வளவு இருக்கிறது என்பது விளங்கும். 2005 இல் தொடங்கப்பட்ட நூலகம் திட்டம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் இணையத்தில் ஆவணப்படுத்தி வருகிறது. அத்தகைய முயற்சியில் தன்னார்வலராகச் சேர்ந்து, அவர்கள் கேட்கும் ஒரு சிறு கருவியைச் செய்து கொடுப்பது, சொந்தமாகப் புதிய தளம் ஒன்று தொடங்குவதைவிடப் பன்மடங்கு பயனுள்ளது.

நம் நாட்டிலேயே இதற்குப் பெரிய முன்னுதாரணம் உண்டு. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலைக்குப் பின், காணாமற்போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள், நிவாரணப் பொருட்கள் ஆகியவற்றின் பதிவைக் கையாள்வதற்கு இலங்கையின் மென்பொருள் தன்னார்வலர்கள் சில வாரங்களில் எழுதியதே சஹானா என்னும் திறந்த மூல மென்பொருள், அதாவது நிரலை எவரும் பார்த்துத் திருத்தக்கூடிய மென்பொருள். அது பின்னர் 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010 ஹெய்ட்டி நிலநடுக்கத்திலும் பயன்பட்டது. கண் முன்னே பட்டியல்களைக் கையால் எழுதிக்கொண்டிருந்தவர்களின் தேவையிலிருந்துதான் அதுவும் பிறந்தது.

திறந்த மூலத் திட்டங்களுக்குப் பங்களிப்பது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அலுவலகத்தில் தினமும் நீங்கள் பயன்படுத்தும் நிரலகங்களில் ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். அதன் விளக்கக் குறிப்பில் உங்களைத் தடுமாற வைத்த பகுதியைத் திருத்தி அனுப்புவதே நல்ல தொடக்கம். திறந்த மூலத் திட்டங்களில் புதியவர்களைப் பங்களிக்க வைப்பதற்காகக் கூகுள் 2005 இல் ஆரம்பித்த சம்மர் ஒஃப் கோட் நிகழ்ச்சியின் முதல் பத்து ஆண்டுகளில், உலகப் பல்கலைக்கழகங்களிலேயே அதிக மாணவர்களைச் சேர்த்தது மொறட்டுவைப் பல்கலைக்கழகம். 2022 முதல் அதில் மாணவர் அல்லாத புதியவர்களும் சேரலாம். பயிற்சிக் காலத்தில் சிறு திருத்தங்களை அனுப்பிப் பழகியவருக்கு அடுத்த ஆண்டு விண்ணப்பம் எழுதுவது கடினமாக இருக்காது.

அலுவலகத்துக்குள்ளேயே கிடைப்பது

சில வேளை மிக நல்ல செயற்றிட்டம் பக்கத்து மேசையில் இருக்கும். மும்மொழியில் வெளியாகும் மென்பொருளைச் செய்யும் குழுவொன்றில், திரையில் தோன்றும் சொற்கள் அடங்கிய சிங்கள, தமிழ், ஆங்கில வாசகக் கோப்புகளைச் சோதனைப் பிரிவில் உள்ள ஓர் அக்கா ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன் எக்ஸெலில் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிட்டுக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். புதிதாகச் சேர்த்த வாசகத்துக்குத் தமிழ் இருக்காது. அல்லது தமிழ் வாசகம் பொத்தானுக்குள் அடங்காது. இந்த இரண்டையும் கண்டுபிடித்துச் சொல்லும் சிறு நிரல் ஒன்றை எழுத ஒரு பயிலுநருக்கு மூன்று வாரம் போதுமாக இருந்தது.

ஆனால் இத்தகையதை உங்கள் சொந்தச் செயற்றிட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், வேலையின் பகுதியாக எழுதப்பட்ட படைப்பின் பொருளாதார உரிமை வேலைகொள்வோரையே சாரும். பயிற்சி ஒப்பந்தம் சில இடங்களில் இதைவிட இறுக்கமாக எழுதப்பட்டிருக்கும். எனவே வெளியே எதையாவது தொடங்குமுன், ஒப்பந்தத்தின் புலமைச் சொத்து, இரகசியம் பற்றிய பிரிவுகளை ஆறுதலாக வாசியுங்கள். விளங்காத இடத்தை மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். நீங்கள் செய்யப்போவதை நான்கு வரியில் மின்னஞ்சலாக அனுப்பி, எழுத்தில் சம்மதம் பெறுங்கள். சொந்த மடிக்கணினி, சொந்தக் கணக்கு, சொந்த நேரம் என்பதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். அலுவலக நிரலின் ஒரு வரியையும் வெளியே கொண்டுபோகவும் கூடாது, வெளியிலுள்ள செயற்கை நுண்ணறிவுக் கருவியில் ஒட்டிக் கேட்கவும் கூடாது.

மற்றவர்களின் தரவைத் தொடும்போதும் அதே கவனம் வேண்டும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இப்போது நம்மிடம் இருக்கிறது. சட்டம் இருக்கட்டும், ஒரு கடைக்காரர் தன் கடன் கொப்பியை உங்களிடம் விரித்துக் காட்டுவது உங்கள் முகத்தை நம்பித்தான். அந்தப் பெயர்களைப் படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பவோ, நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் மாதிரித் தரவாக ஏற்றவோ வேண்டாம். பெயரில்லாமல் வேலை நடக்குமென்றால் பெயரைச் சேமிக்காதீர்கள். அடையாள அட்டை இலக்கத்தைக் கேட்பதற்கு, "இருந்தால் நல்லது" என்பதைத் தவிர வேறு காரணம் கிடைக்காவிட்டால் கேட்க வேண்டாம்.

எப்போது கைவிடுவது

தொடங்கிய மூன்றாம் வார முடிவில், வேலை செய்யும் ஏதாவது ஒன்று, எவ்வளவு அரைகுறையாக இருந்தாலும், அந்த மனிதரின் கையில் இருக்க வேண்டும். அதன்பின் ஒரு வாரம் அவரை அவர் பாட்டில் விடுங்கள். அந்த வாரத்தில் அவராகவே ஒரு தடவையாவது அழைத்து, "தம்பி, இது பிழையாக் காட்டுது" என்று சொன்னால் தொடருங்கள். குறை சொல்வதற்காக அழைப்பவர் அதைப் பயன்படுத்துகிறார். அழைப்பே வராமல், நீங்கள் போய்க் கேட்டபோது "நல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னால், அவர் அதைத் திறக்கவில்லை என்றே கொள்ளுங்கள். அவரைக் குறை கூறாமல், நன்றி சொல்லி, குறிப்புப் புத்தகத்தில் உள்ள இரண்டாவது பெயருக்குப் போங்கள். நான்காவது வாரத்தில் கைவிட்டால் போவது 24 மணித்தியாலம். இன்னும் 60 இருக்கிறது. நான் பஸ் செயலியை நான்காவது மாதத்தில் கைவிட்டேன்.

தொழில்நுட்பத் தெரிவைப் பற்றி நிறையக் கேட்பார்கள். அலுவலகத்தில் கற்றுக்கொண்டிருப்பதையே பயன்படுத்துங்கள், புதிதாக ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதற்குமேல் அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

பயிற்சி முடிந்து கொழும்பை விட்டுப் போகுமுன், ஒப்படைப்புக்கு ஒரு முழு வார இறுதியை ஒதுக்குங்கள். சேவையகம் எந்தக் கணக்கில் ஓடுகிறது, கட்டணம் வந்தால் யார் கட்டுவது, குறுஞ்செய்திக்கான மீதி எங்கே தெரியும், உங்களுக்குப் பின் யாரை அழைப்பது என்பவற்றை ஒரே தாளில், தமிழில், பெரிய எழுத்தில் எழுதுங்கள். எல்லாத் தரவையும் ஒரே பொத்தானில் எக்ஸெலாக எடுக்கும் வழியைச் செய்து, அதை அவரைக் கொண்டே உங்கள் முன்னிலையில் ஒரு தடவை எடுப்பியுங்கள். அடுத்த தொகுதிப் பயிலுநர் ஒருவர் அதே ஒழுங்கையில் இருந்தால் அவரையும் கூட்டிச் செல்லுங்கள். வெள்ளவத்தையில் அந்தத் தாள் அடுப்படிச் சுவரில், நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டப்பட்டிருந்தது, அதன் கீழே அந்த அம்மா தன் கையால் ஒரு வரி சேர்த்திருந்தார்: "மூன்றேகாலுக்கு மெசேஜ் வராவிட்டால் கொப்பியைப் பார்க்கவும்."